கடலில் இறங்கியதும் சுறா நினைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீச்சல் தெரியும், கடலும் பிடிக்கும், ஆனால் கால் தரையில் படாத ஆழம் வந்ததும் சுறா நினைப்பு வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிடுகிறது என்று சொல்பவர்கள் நிறைய. அவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் என்னால் முடிந்த பதில்களும் இங்கே. இந்தப் பயத்தைச் சிரித்து ஒதுக்கிவிடலாம் என்று நான் நினைக்கவில்லை. கடல் மேல் ஆசை இருந்தும் கரையிலேயே நின்றுவிடுவது ஒரு இழப்பு. அதைக் குறைக்க முடியும் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சுறா பயம் கடலை அனுபவிக்கும் விதத்தை உண்மையிலேயே மாற்றுகிறதா?

மாற்றுகிறது. கடலுக்கே வராமல் இருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். வந்தும் முழுதாக இல்லாமல் போகிறவர்கள்தான் அதிகம். நீச்சல் குளத்தில் மூச்சு வாங்காமல் இருபது சுற்று போகிறவர், கடலில் இடுப்பளவு நீரோடு திரும்பிவிடுவார். ஸ்நார்கெல் (முகத்தை நீருக்குள் வைத்தபடியே மூச்சு விட உதவும் குழாய்) மாட்டிக்கொண்டு பவளப்பாறையைப் பார்க்கப் போனவர், பாறையைப் பார்த்ததைவிட முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்ததுதான் அதிகமாக இருக்கும். அலைச்சறுக்குப் பலகையில் உட்கார்ந்திருப்பவர் அலை வரும் திசையை விட்டுவிட்டு, தொங்கும் தன் கால்களையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இதில் உடலின் பங்கும் உண்டு. பயம் வந்ததும் இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது, தசைகள் இறுகுகின்றன. நிலத்தில் இது ஓடித் தப்பிக்க உதவும். தண்ணீரில் மிதக்கவோ உடல் தளர்ந்திருக்க வேண்டும், மூச்சு நிதானமாகப் போக வேண்டும். அதனால் பயந்த உடல் சீக்கிரம் களைத்துப்போகிறது. காற்றுருளையோடு ஆழ்கடலில் மூழ்குபவர் பதற்றப்பட்டால், உருளையில் உள்ள காற்று பாதி நேரத்திலேயே தீர்ந்துபோகலாம். அலை தூக்கும்போது உடலை அதன் போக்கில் விடுவதில்தான் கடல் குளியலின் சுகம் இருக்கிறது. பயம் முதலில் கை வைப்பது அதில்தான்.

சுறாவே வராத கடற்கரையிலும் ஏன் பயம் வருகிறது? சிலருக்கு ஏரியில்கூட வருகிறதே?

கீழே என்ன இருக்கிறது என்று தெரியாததால்தான். நிலத்தில் கண்ணும் காதும் நமக்குக் காவல். கடலில் தலை மேலே, உடல் கீழே. கீழே இருக்கும் முக்கால் பங்கு உடலுக்குக் காவல் யாரும் இல்லை. கலங்கிய நீரில் கணுக்காலைப் பாசி உரசினால் மனம் உடனே அதற்கு ஒரு முகம் கொடுத்துவிடுகிறது. நம் தலைமுறைகளுக்குக் கிடைத்த முகம் சுறா.

நான் கவனித்தவரை, சுறா பயம் என்று சொல்பவர்களில் பலருக்கு அடியில் இருப்பது ஆழத்தின் பயம், இருட்டு நீரின் பயம், அல்லது தன் நீச்சலில் நம்பிக்கை இல்லாமை. இதைப் பிரித்துப் பார்ப்பது பயனுள்ள வேலை. தரை தெரியும் தெளிந்த நீரில் உங்கள் பயம் பாதியாகக் குறைகிறதா? அப்படியானால் உங்களை மிரட்டுவது பார்வை எட்டாத நீர்.

இந்தப் பயம் பிறவியிலேயே வருவதா, கற்றுக்கொண்டதா?

பெரிய பல்லும் திடீர் அசைவும் யாரையும் திடுக்கிட வைக்கும். அந்த அளவுக்கு இயற்கைதான். ஆனால் கடல் என்றதும் சுறா என்று இணைத்துக்கொள்வது பெரும்பாலும் கற்றுக்கொண்டது. அமெரிக்காவின் கதையே இதற்குச் சாட்சி. 1891இல் ஹெர்மன் ஓல்ரிக்ஸ் என்ற செல்வந்தர், அமெரிக்கக் கிழக்குக் கடற்கரையின் குளிர்ந்த வடபகுதியில் உயிரோடிருக்கும் மனிதரைச் சுறா கடித்ததற்கு ஆதாரம் காட்டுபவருக்கு 500 டாலர் தருவதாக அறிவித்தார். அப்படி நடக்கவே நடக்காது என்று படித்தவர்களே நம்பிய காலம் அது.

பிறகு 1916 ஜூலை வந்தது. முதல் 12 நாட்களுக்குள் நியூ ஜெர்சி கரையோரத்தில் நான்கு பேர் இறந்தார்கள், ஒருவர் காயத்தோடு தப்பினார். அதில் இரண்டு மரணங்கள் கடலில்கூட இல்லை, மட்டவான் என்ற ஓடையில். கடற்கரைகளில் கம்பி வலை கட்டினார்கள், சுறா வேட்டைக்குப் படகுகள் கிளம்பின. நம்பிக்கை ஒரே கோடையில் தலைகீழானது.

அதற்கப்புறம் 1975இல் வந்த 'ஜாஸ்' படம் அந்தப் பயத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. படப்பிடிப்புக்காகச் செய்த இயந்திரச் சுறா உப்புநீரில் அடிக்கடி பழுதானது. வேறு வழியில்லாமல் இயக்குநர் ஸ்பீல்பெர்க் சுறாவைக் காட்டாமலே பல காட்சிகளை எடுத்தார். நீர்ப்பரப்பையும் இசையையும் மட்டும் வைத்து அவர் ஏற்படுத்திய திகில், சுறாவைக் காட்டியிருந்தால் வந்திருக்காது. முந்தைய கேள்வியில் சொன்ன 'கீழே என்ன' என்ற பயத்தை அந்தப் படம் அப்படியே பிடித்துக்கொண்டது. மூலக்கதையை எழுதிய பீட்டர் பெஞ்ச்லி தன் பிற்காலத்தைச் சுறாக்களையும் கடலையும் காப்பதற்காகப் பேசுவதில் செலவிட்டார். சுறாக்களின் எண்ணிக்கை குறைந்ததில் தன் படத்துக்கும் பங்கிருப்பதற்காக வருந்துவதாக ஸ்பீல்பெர்க்கும் 2022இல் ஒரு வானொலிப் பேட்டியில் சொன்னார்.

இசை எவ்வளவு வேலை செய்கிறது என்பதையும் சோதித்திருக்கிறார்கள். 2016இல் வெளியான ஓர் ஆய்வில், சுறாக்கள் நீந்தும் ஒரு நிமிடக் காட்சியைச் சிலருக்குத் திகில் இசையோடும், சிலருக்கு உற்சாக இசையோடும், சிலருக்கு இசையே இல்லாமலும் காட்டினார்கள். திகில் இசையோடு பார்த்தவர்கள் சுறாக்களைப் பற்றி மற்றவர்களைவிட மோசமாக மதிப்பிட்டார்கள். காட்சி ஒன்றேதான்.

மறுபக்கம், ஹவாய் மக்களைப் பாருங்கள். புலிச் சுறாக்கள் நடமாடும் கடலில்தான் அவர்கள் தலைமுறை தலைமுறையாக அலைச்சறுக்கு ஆடிவந்தார்கள். அவர்களின் மரபில் சில குடும்பங்களுக்குச் சுறா காவல் தெய்வம், இறந்த முன்னோரின் வடிவம். கடிக்கும் என்று தெரிந்தும் சுறாவோடு அவர்களுக்கு வேறொரு உறவு இருந்தது.

உண்மையில் ஆபத்து எவ்வளவு?

ஃபுளோரிடா இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் உலகெங்கும் நடக்கும் சுறாக்கடிச் சம்பவங்களைப் பதிவு செய்கிறது. மனிதர் சீண்டாமல் நடந்த கடிகள் பொதுவாக ஆண்டுக்கு 60, 70 வாக்கில் இருக்கும். 2024இல் 47. அதில் இறந்தவர்கள் நான்கு பேர். உலகம் முழுதும், எல்லாக் கடல்களிலும் சேர்த்து இவ்வளவுதான். 500க்கும் மேற்பட்ட சுறா இனங்களில், மனிதருக்குப் பெரிய காயம் உண்டாக்கிய சம்பவங்களில் பெரும்பாலானவை மூன்றே இனங்களால் வந்தவை: வெள்ளைச் சுறா, புலிச் சுறா, காளைச் சுறா.

இந்த எண்கள் எனக்கும் தெரியும். தெரிந்தும் பயம் போகவில்லையே?

போகாது. எண்ணைச் சொல்லி ஒருவரின் பயத்தைப் போக்கிவிடலாம் என்று நினைப்பதுதான் இந்த விஷயத்தில் பலரும் செய்யும் தவறு. 'கோடியில் ஒரு பங்குதானே' என்று கணவர் சொல்வார், மனைவிக்குக் கோபம் வரும், பயம் அப்படியே இருக்கும்.

அமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானமன் என்ற இரு உளவியலாளர்கள் 1973இல் காட்டியது இது: ஒரு விஷயம் எவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்த்து முடிவு செய்வதில்லை. எவ்வளவு எளிதாக நினைவுக்கு வருகிறது என்பதை வைத்து முடிவு செய்கிறோம். சுறாக்கடி செய்தியை ஒருமுறை படித்தால் மறக்காது. பல லட்சம் பேர் குளித்துவிட்டுப் பத்திரமாக வீடு திரும்பியது செய்தியே ஆகாது. அதனால் நினைவுத் தராசில் ஒரு தட்டு எப்போதும் காலியாகவே இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. சாலை விபத்தில் நம் கையில் ஏதோ கட்டுப்பாடு இருப்பதாக ஒரு எண்ணம் இருக்கிறது. சுறா விஷயத்தில் அது துளியும் இல்லை. போதாக்குறைக்கு, இன்னொரு உயிரின் வாயில் சிக்குவது என்பது மற்ற எந்த ஆபத்தையும் போல மனதில் நிற்பதில்லை. எண்கள் அந்த இடத்தைத் தொடுவதே இல்லை.

எண்ணைவிட உதவுவது அந்தக் குறிப்பிட்ட கடற்கரையைப் பற்றிய அறிவு என்பது என் கருத்து. இங்கே என்ன சுறாக்கள் உண்டு, எந்த மாதங்களில் வரும், எதைத் தின்ன வரும், எந்த இடத்தை உள்ளூர் ஆட்கள் தவிர்க்கிறார்கள், உயிர்காப்பாளர் எத்தனை மணி வரை இருக்கிறார். உலகக் கணக்கு கடலுக்குள் உங்களோடு வராது. இந்த விவரங்கள் வரும். 'எங்கும் எப்போதும்' என்று பரவிக்கிடக்கும் பயம், 'அங்கே, அப்போது' என்று ஓரிடத்தில் அடங்குகிறது. மீதிக் கடல் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கிறது.

பக்கத்தில் சுறா இருப்பது தெரியாமலே இருந்தால் நிம்மதி இல்லையா?

இதை நான் மிகவும் மதிக்கும் கேள்வியாக நினைக்கிறேன். தெற்குக் கலிபோர்னியாவில் ட்ரோன்களைப் பறக்கவிட்டு இரண்டு ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். 2023இல் முடிவு வெளியானது. இளம் வெள்ளைச் சுறாக்கள் கூடும் இடங்களில், கவனித்த நாட்களில் 97 சதவீதம் மனிதரும் சுறாவும் ஒரே நீரில் இருந்தார்கள். அலைச்சறுக்கு ஆடுபவர்களின் கீழேயே சுறாக்கள் நீந்திப்போன காட்சிகள் உண்டு. மேலே இருந்தவர்கள் பெரும்பாலும் கவனிக்கவே இல்லை. சுறாக்களும் அவர்களைக் கண்டுகொள்ளவில்லை.

இதைப் படித்ததும் சிலர் 'இனி இறங்கவே மாட்டேன்' என்பார்கள். வேறு சிலர் 'இத்தனை நாளும் கூடவே இருந்து ஒன்றும் செய்யவில்லையா' என்று பெருமூச்சு விடுவார்கள். ஒரே செய்தி, எதிரெதிர் விளைவு.

தெரியாமல் இருப்பதில் நிம்மதி இருப்பது உண்மைதான். ஆனால் அது நிற்காத நிம்மதி. ஒரு செய்தி, ஒரு காணொளி போதும், உடைந்துவிடும். சுறா இருக்கும், என்னைத் தேடி வரவில்லை என்று தெரிந்து நீந்துபவரின் நிம்மதி அவ்வளவு எளிதில் உடையாது. கடல் தன் வீடு இல்லை என்பது அவருக்குத் தெரியும், அதனால் ஒரு துடுப்பு தெரிந்ததும் உலகம் முடிந்ததாக அவர் நினைக்க மாட்டார். அமைதியாகக் கரைக்கு வருவார்.

அப்படியானால் எல்லா இடத்திலும் தைரியமாக இறங்கலாமா?

கூடாது. பயம் சரியாக இருக்கும் இடங்களும் உண்டு. அங்கே பயப்படுபவர்தான் விவரமானவர்.

இந்தியப் பெருங்கடலில் உள்ள ரியூனியன் தீவு அலைச்சறுக்குக்குப் பேர்போன இடம். 2011 முதல் 2019 வரை அங்கே சுறாக்களால் 11 பேர் இறந்தார்கள். 2013 ஜூலையில் அரசு உத்தரவு வந்தது: பவளத்திட்டு அணைபோல் காக்கும் காயல் பகுதிக்கும், கண்காணிப்புள்ள சில இடங்களுக்கும் வெளியே குளிக்கவோ அலைச்சறுக்கு ஆடவோ கூடாது. அலைச்சறுக்குப் பள்ளிகள் மூடப்பட்டன. அலையோடு வளர்ந்த ஒரு தலைமுறை கரையிலிருந்து அலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. சுறா பயம் ஒரு சமூகத்தின் கடல் வாழ்க்கையையே மாற்றியதற்கு இதைவிட வலுவான உதாரணம் எனக்குத் தெரியாது. அந்த மக்களிடம் போய்ப் 'புள்ளிவிவரப்படி ஆபத்து குறைவு' என்று சொல்வது அநியாயம்.

பிரேசிலின் ரெசிஃபெ நகரக் கடற்கரையில் 1992 முதல் கடிகள் கூடின. நகருக்குத் தெற்கே சுவாப்பே துறைமுகம் வந்ததும் ஆற்று முகத்துவாரங்கள் மாறியதும் ஒரு முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கரை நெடுக எச்சரிக்கைப் பலகைகள் நிற்கின்றன. அவற்றை மதித்து நடப்பவர்கள் பாறைத்தடுப்புக்கு உள்ளே, நீர் வற்றிய நேரத்தில் குளிக்கிறார்கள்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள கேப் காட் பகுதி கொஞ்சம் வேறு மாதிரி. அங்கே 1972இல் வந்த கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டத்தால் சீல்கள் (கடல்நாய்கள்) பெருகின. அவற்றைத் தின்ன வெள்ளைச் சுறாக்கள் திரும்பி வந்தன. 2018 செப்டம்பரில் ஒருவர் இறந்தார். அந்த மாநிலத்தில் 1936க்குப் பிறகு நடந்த முதல் மரணம் அது. 2015 முதல் 2018 வரையான ஆண்டுகளில் மட்டும் 800 வெள்ளைச் சுறாக்கள் வரை அங்கே வந்துபோயிருக்கலாம் என்று பின்னர் கணக்கிட்டார்கள். இன்றும் மக்கள் அங்கே குளிக்கிறார்கள். ஆனால் கரையை ஒட்டி, ஆழம் குறைந்த இடத்தில், சீல்கள் இருக்கும் பக்கம் போகாமல். கடற்கரைகளில் ரத்தப்போக்கை நிறுத்தும் முதலுதவிப் பெட்டிகள் வைத்திருக்கிறார்கள். அனுபவிக்கும் முறை மாறியது, அனுபவம் நின்றுவிடவில்லை.

சுறாவையே நினைத்துக்கொண்டு வேறு ஆபத்தைக் கவனிக்காமல் விடுகிறோமா?

ஆமாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில், 2021இல் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். இது குளம், ஆறு, கடல் எல்லாம் சேர்த்த கணக்கு. அலையடிக்கும் கடற்கரைகளில் குளிப்பவர்களுக்குப் பெரிய எமன், கரையிலிருந்து உள்ளே இழுத்துப்போகும் நீரோட்டம். அமெரிக்கக் கடற்கரைகளில் உயிர்காப்பாளர்கள் செய்யும் மீட்புகளில் 80 சதவீதத்துக்கும் மேல் இதில் சிக்கியவர்களை மீட்பதுதான்.

இதில் கொடுமை என்னவென்றால், அந்த நீரோட்டம் பார்க்கச் சாதுவாக இருக்கும். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்கும்போது நடுவில் ஒரு பட்டை மட்டும் அலை உடையாமல், கொஞ்சம் கருமையாக, அமைதியாகத் தெரியும். பயந்த மனம் 'அங்கே இறங்கலாம்' என்று தேர்ந்தெடுப்பது அதைத்தான். சிக்கிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதீர்கள். மிதந்து மூச்சைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள், கையை உயர்த்தி உதவி கேளுங்கள். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்தப் பட்டையை விட்டு வெளியே வந்தபின் கரைக்குத் திரும்புங்கள்.

துடுப்பைத் தேடும் கண்கள் இந்தப் பட்டையைத் தேடக் கற்றுக்கொண்டால் எத்தனையோ உயிர் பிழைக்கும்.

ஒரு சொட்டு ரத்தம் விழுந்தால் பல மைல் தூரத்திலிருந்து சுறா வந்துவிடுமா?

வராது. சுறாவின் மோப்பம் கூர்மையானது, ஆனால் மணம் நீரில் பரவி வந்து சேர நேரமும் நீரோட்டமும் வேண்டும். ஆனாலும் நன்றாக ரத்தம் வரும் காயத்தோடு கடலில் இறங்க வேண்டாம். சுறாவை விட்டுவிடுங்கள், காயத்துக்கே அது நல்லதில்லை.

மாதவிடாய் நாட்களில் கடலில் குளிக்கலாமா?

குளிக்கலாம். அதனால் சுறாக்கடி கூடியதற்கு எந்த ஆதாரமும் இல்லை. இந்த ஒரு வதந்தியால் கடலை இழந்த பெண்கள் எத்தனை பேரோ என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

டால்பின்கள் தெரிந்தால் சுறா இருக்காதுதானே?

அப்படி இல்லை. இரண்டும் ஒரே மீன்கூட்டத்தைத் தேடி ஒரே இடத்துக்கு வரலாம்.

வலையும் கருவிகளும் பயத்தைக் குறைக்குமா?

பயத்தைக் குறைக்கும். ஆபத்தை எவ்வளவு குறைக்கும் என்பது வேறு கணக்கு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1937 முதல் சுறா வலைகளைப் போட்டுவருகிறது. பலரும் நினைப்பதுபோல் அவை கடலை அடைக்கும் சுவர்கள் இல்லை. ஒரு வலை ஏறக்குறைய 150 மீட்டர் நீளம், 6 மீட்டர் உயரம். சுறா மேலாகவும் பக்கமாகவும் சுற்றி வரலாம். ஆமைகளும் டால்பின்களும் அதில் சிக்கிச் சாகின்றன.

அலைச்சறுக்கு ஆடுபவர்களுக்காக விற்கும் ஐந்து சுறா விரட்டிகளை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெள்ளைச் சுறாக்களிடம் சோதித்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். பலகையில் பொருத்தும் மின்புலக் கருவி ஒன்று மட்டுமே நன்றாக வேலை செய்தது. அது இரையைச் சுறா கவ்வும் வாய்ப்பை 96 சதவீதத்திலிருந்து 40க்குக் குறைத்தது. நல்ல குறைவுதான், முழுப் பாதுகாப்பு இல்லை. கருவி இருக்கிறதே என்று ஆபத்தான இடத்தில் இறங்கினால் லாபம் கரைந்துபோகும்.

எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் 2004இல் தொடங்கியது. மலைச்சரிவில் உட்கார்ந்து ஆட்கள் கடலைப் பார்க்கிறார்கள். பச்சைக் கொடி என்றால் நீர் தெளிவாகத் தெரிகிறது, சுறா தென்படவில்லை. கறுப்பு என்றால் பார்வை சரியில்லை. சிவப்பு என்றால் கூடுதல் கவனம். வெள்ளைக் கொடியில் சுறா உருவம் ஏறினால் சங்கு ஒலிக்கும், எல்லோரும் கரையேறுவார்கள். எந்த உயிரையும் கொல்லாமல், குளிப்பவரின் முதுகுக்குப் பின்னால் ஒரு ஜோடிக் கண்களைத் தருகிறது இந்த முறை. பயந்தவருக்கு வேண்டியதும் அதுதானே?

கடிபட்டவர்கள் திரும்பக் கடலுக்குப் போகிறார்களா?

நிறையப் பேர் போகிறார்கள். 2003இல் ஹவாயில் 13 வயதுச் சிறுமியாக இருந்த பெத்தனி ஹாமில்டன், புலிச் சுறா கடித்து இடது கையை இழந்தார். ஒரு மாதத்துக்குள் பலகையோடு கடலில் இருந்தார். பிறகு தொழில்முறை வீராங்கனையாகவும் ஆனார். ஆஸ்திரேலிய அலைச்சறுக்கு வீரர் மிக் ஃபானிங்கை 2015இல் தென்னாப்பிரிக்காவின் ஜெஃப்ரீஸ் பே இறுதிப்போட்டியில், நேரலை ஓடிக்கொண்டிருக்கும்போதே சுறா நெருங்கியது. காயமின்றித் தப்பினார். அடுத்த ஆண்டு அதே இடத்துக்குப் போய் அதே போட்டியை வென்றார். 1963இல் மிக மோசமாகக் கடிபட்ட ரோட்னி ஃபாக்ஸ், கூண்டுக்குள் இருந்து வெள்ளைச் சுறாவைப் பார்க்கும் பயணங்களுக்கு முன்னோடியானார்.

இவர்களைக் காட்டி 'உனக்கு மட்டும் என்ன' என்று யாரையும் தள்ளக் கூடாது. திரும்பிப் போகாதவர்களும் உண்டு, அது அவர்கள் உரிமை. பயமும் ஆசையும் ஒரே ஆளிடம் சேர்ந்து இருக்க முடியும் என்பதற்காகத்தான் இந்தப் பெயர்களைச் சொல்கிறேன். முதலில் பயம் முழுதாகப் போகட்டும், பிறகு இறங்கலாம் என்று காத்திருந்தால் காலம்தான் போகும்.

சரி, பயத்தோடேயே எப்படி இறங்குவது?

உயிர்காப்பாளர் உள்ள கடற்கரையாக, பகல் வெளிச்சத்தில், நீர் தெளிவாக இருக்கும் நாளாகப் பாருங்கள். விடியலும் அந்தியும் பல சுறாக்கள் இரை தேடும் நேரம், தவிர்த்துவிடலாம். ஆற்று முகத்துவாரம், மழைக்குப் பின் கலங்கிய நீர், தூண்டில் போடும் இடம், மீன் கழிவு கொட்டும் இடம், கடற்பறவைகள் கூட்டமாகப் பாய்ந்து மீன் பிடிக்கும் இடம் எல்லாம் வேண்டாம். மின்னும் நகை மீன் செதில் போலத் தெரியும், கழற்றிவிடுங்கள். தனியாகப் போகாதீர்கள். இதெல்லாம் செய்தபின் உங்கள் பங்கு முடிந்தது என்று மனதுக்குச் சொல்லுங்கள். பயந்த மனதுக்கு வேலை வேண்டும். முடித்த வேலை அதைக் கொஞ்சம் அடக்கும்.

அப்புறம், ஒரே நாளில் ஆழத்துக்குப் போக வேண்டாம். முழங்கால் அளவில் நின்று, மூச்சு சீராகும் வரை அங்கேயே இருங்கள். பதற்றம் உச்சத்தில் இருக்கும்போது ஓடி வந்தால், ஓடியதால்தான் பிழைத்தோம் என்று மூளை எழுதிக்கொள்ளும். பதற்றம் தணியும்வரை இருந்துவிட்டு வந்தால் வேறு பாடம் பதியும். அடுத்த முறை இடுப்பளவு. முகக்கண்ணாடி மாட்டி நீருக்குள் பார்ப்பது பலருக்குப் பெரிய திருப்பமாக இருந்திருக்கிறது. மணல், சிறு மீன்கள், தன் கால்கள். கண் பார்த்துவிட்ட இடத்தில் கற்பனைக்கு இடம் குறைகிறது.

வெளியே மூச்சு விடும் நேரத்தை உள்ளிழுக்கும் நேரத்தைவிட நீளமாக வையுங்கள். எளிய வழிதான், ஆனால் உடல் அதற்குக் கட்டுப்படுகிறது.

குழந்தைகளிடம் என்ன சொல்வது?

'சுறாவே கிடையாது' என்று பொய் சொல்ல வேண்டாம். ஒருநாள் தெரியவரும், அப்போது கடலோடு சேர்த்து உங்கள் மேலும் நம்பிக்கை போய்விடும். 'ஆழமாகப் போனால் சுறா பிடிக்கும்' என்று மிரட்டவும் வேண்டாம். கட்டுப்பாட்டுக்காகச் சொன்ன அந்த ஒரு வரி நாற்பது வயதுவரை கூட வருவதைப் பார்த்திருக்கிறேன். சுறா எப்படி வாழ்கிறது, என்ன தின்கிறது என்று சொல்லுங்கள், படம் காட்டுங்கள். பெயர் தெரிந்த விலங்கிடம் குழந்தைக்கு ஆர்வம் வந்துவிடும்.

சுறாவைப் பார்ப்பதற்காகவே கடலுக்குப் போகிறவர்களும் இருக்கிறார்களே?

இருக்கிறார்கள், பெருகியும் வருகிறார்கள். பசிபிக் தீவு நாடான பலாவ் 2009இல் தன் கடல் முழுவதையும் சுறாக்களுக்கான சரணாலயமாக அறிவித்தது. உலகில் அதுவே முதல். அங்கே ஒரு பவளத்திட்டுச் சுறா தன் ஆயுளில் சுற்றுலா வழியாக ஈட்டித்தருவது 19 லட்சம் டாலர் என்று ஒரு மதிப்பீடு உண்டு. மீன்களிலேயே பெரியதான திமிங்கலச் சுறா நுண்ணுயிர்களையும் சிறு மீன்களையும் வடிகட்டித் தின்பது. மேற்கு ஆஸ்திரேலியாவின் நிங்கலூவிலும் மாலத்தீவிலும் அதனோடு நீந்துவதற்காக மக்கள் கடல் கடந்து வருகிறார்கள். பயந்தவர்களுக்கு நல்ல தொடக்கம் அது. அவ்வளவு பெரிய உயிர் நம்மைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்து போவதைக் கண்டவருக்குச் சுறா என்ற சொல் பழைய மாதிரி ஒலிக்காது.

நம் பயத்தால் சுறாக்களுக்கு என்ன ஆகிறது?

2014இல் மேற்கு ஆஸ்திரேலியா, பெரும்பாலும் வெள்ளைச் சுறாக்களால் நேர்ந்த மரணங்களுக்குப் பிறகு, இரை மாட்டிய கொக்கிகளைக் கடலில் போட்டது. 172 சுறாக்கள் சிக்கின. ஒன்றுகூட வெள்ளைச் சுறா இல்லை. அதைவிடப் பெரிய அழிவு மீன்பிடியால் வருவது: ஆண்டுக்குச் சுமார் 10 கோடி சுறாக்கள் கொல்லப்படுவதாக 2013இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. திறந்த கடலில் வாழும் சுறாக்களும் திருக்கைகளும் 1970க்குப் பின் 71 சதவீதம் குறைந்துவிட்டன என்கிறது 2021இல் வந்த இன்னோர் ஆய்வு. நாம் அஞ்சும் உயிருக்காக அதிகம் பேர் குரல் கொடுப்பதில்லை. அந்த மௌனத்தில் நம் எல்லோருக்கும் பங்கு உண்டு.

சுறாவை நேரில் பார்த்துவிட்டால்?

நீரை அடித்துக் கலக்காதீர்கள். அதன் மேல் கண் வைத்தபடி, முதுகைக் காட்டாமல், நிதானமாகக் கரைக்கோ படகுக்கோ பின்வாங்குங்கள். நெருங்கிக் கடிக்க வந்தால் மூக்கிலும் கண்ணிலும் செவுளிலும் பலமாக அடியுங்கள். யாராவது கடிபட்டால் முதல் வேலை ரத்தத்தை நிறுத்துவது. கரையேற்றி, கையில் கிடைத்த துணியால் காயத்தை அழுத்திப் பிடியுங்கள். கை கால்களில் பீறிட்டு வந்தால் காயத்துக்கு மேலே இறுக்கிக் கட்டி, உடனே மருத்துவ உதவிக்கு ஆள் அனுப்புங்கள்.

எல்லாம் செய்தும் பயம் குறையவில்லை. என்ன செய்ய?

குளிக்கும் தொட்டியிலோ நீச்சல் குளத்திலோகூடச் சுறா நினைப்பு வந்து மூச்சடைத்தால், விடுமுறைத் திட்டங்களையே அதற்காக மாற்றிக்கொண்டிருந்தால், மனநல ஆலோசகரைப் பாருங்கள். குறிப்பிட்ட ஒன்றின் மேல் வரும் பயங்களுக்குப் படிப்படியாக எதிர்கொள்ளவைக்கும் சிகிச்சை நல்ல பலன் தருகிறது. முதலில் படம், பிறகு காணொளி, பிறகு மீன்காட்சியகத்தின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், பிறகு கரை என்று அவர்கள் கொண்டுபோவார்கள். அதுவும் வேண்டாம் என்றால் பாறைக்குழிகளில் தேங்கும் கடல்நீர் இருக்கிறது. நண்டு, கடற்சாமந்தி, நட்சத்திர மீன் என்று ஒரு மதியம் முழுக்கப் பார்க்கலாம். கணுக்கால் நனைந்தால் போதும்.